ஊற்றுக் குழாய்

மார்ச் மாத நடுவில் ஒரு காலை, விடுதியின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயில் நுரையோடு வார்டன் அறை முன்னால் வந்து நின்றார்கள். வார்டன் ஆரோக்கியசெல்வி அந்த மகளிர் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதியிலேயே ஓர் அறையில் தங்கி, வகுப்பு போக மீதி நேரத்தில் பெண்களின் சாப்பாடு, காய்ச்சல், வீட்டு ஞாபகம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஏற்காட்டில் மழை சரியாகப் பெய்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. காப்பிச் செடிகள் பூக்கத் தேவையான பூ மழைகூட வரவில்லை. கல்லூரிக்கு இருந்த ஒரே தண்ணீர், மேலே எஸ்டேட் சரிவில் இருக்கும் ஊற்றுத்தான். அங்கிருந்து ரெண்டு இஞ்சு இரும்புக் குழாய் மரங்களுக்கு நடுவே இறங்கி விடுதித் தொட்டிக்கு வரும். கல்லூரி நிலம் ஒரு காலத்தில் காப்பித் தோட்டமாக இருந்தது. அதை வாங்கியபோதே ஊற்று உரிமையும் சேர்ந்து வந்தது. குழாய் எடுத்தது போக வழிகிற தண்ணீர் ஓடையாகி, சரிவின் மறுபக்கம் இருக்கும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும். நல்ல வருடங்களில் இரண்டு பக்கத்துக்கும் போதும். இந்த வருடம் வழிவது என்பதே நின்றுபோயிருந்தது.

குழாய் வேலை பார்க்கும் குழந்தைவேலை வெள்ளக்கடையிலிருந்து வரவழைத்து, அவரோடு ஆரோக்கியசெல்வியும் சரிவில் ஏறினாள். குழாய் உடையவில்லை. ஊற்றிலிருந்து சிறிது தூரத்தில் யாரோ இணைப்பைத் திருகிக் கழற்றி, இரண்டு முனைகளையும் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஊற்றைச் சுற்றி லைன் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குழிக்குள் குனிந்து கொட்டாங்கச்சியால் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

"குழாயக் கழட்டுனது ஆருங்க?" என்று குழந்தைவேல் கேட்டார்.

"நாந்தானுங்க" என்றாள் அவள். வீராயி என்று பெயர். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "ஒடைக்கல. பதனமா மரையத்தான் திருகுனோம். வேணுமின்னா பூட்டிக்கலாம்."

"அக்கா, கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமுங்களே" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"கேக்க வந்தமுங்க டீச்சர். வாசல்ல நிக்கற வாச்சுமேன் உள்ளயே உடல. உங்க புள்ளைங்க தல குளிக்கற தண்ணி சாக்கடையில நொரையோட போவுது. எங்க புள்ளைங்களுக்கு ஒலை வெக்கத் தண்ணி இல்ல. நீங்களே சொல்லுங்க, நாங்க என்ன பண்றது?"

ஆரோக்கியசெல்வி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து வருவது தெரிந்தது. ஓடுகிறது என்று சொல்ல முடியாது. கொட்டாங்கச்சி ஒருமுறை நிறைவதற்கு அந்தப் பெண்கள் சும்மா காத்திருந்தார்கள். கோபப்படக்கூட அவர்களுக்கு அலுப்பாக இருந்தது போலிருந்தது.

"மழை வர்ற வரைக்கும் ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நாங்கன்னு வெச்சுக்கலாங்களா?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"மழ வந்தப்பறம்?"

அவள் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. "மழை வந்தப்பறம் நாங்க எங்க கூரைத் தண்ணியப் பிடிச்சுக்கறோம். ஊத்து மொத்தமும் உங்களுக்கு" என்றாள்.

வீராயி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "டீச்சர் வாக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். குழந்தைவேல் குழாயைப் பூட்டினார். இறங்கி வரும்போது, "மேடம், இத ஆபீசுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் சொல்லணும்" என்றாள்.

கல்லூரிச் செயலர் பாலசுப்பிரமணியம் சேலத்தில் இருப்பவர். நூல் வியாபாரம். வாரம் ஒருமுறை காரில் மேலே வந்து கையெழுத்துகளைப் போட்டுவிட்டு இறங்குவார். போலீசில் புகார் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்த வாரம் வந்தார். ஆரோக்கியசெல்வி நடந்ததைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, ஊத்து நம்ம பத்திரத்துல இருக்குது. அத விட்டுக்குடுக்கறதுக்கு நீங்க ஆரு?"

"ஆருமில்லைங்க சார். ஆனா சொல்லிட்டேன்."

"சொன்னத மறந்துருங்க. மழை வந்தா அவுங்களும் மறந்துருவாங்க."

அவள் கூரைத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். முந்தின வருடம் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயமாக்கியபோது, அலுவலகக் கட்டடத்தின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி, கீழே குழி வெட்டி ஜல்லி போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு மழையே பெய்யாததால் அது வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. விடுதியின் நீளமான ஓட்டுக் கூரையில் விழுகிற மழையைப் பிடித்தால் பாதி வருடத் தேவையாவது தீரும் என்றாள் அவள். புதிதாகத் தொட்டி கட்ட வேண்டாம். விடுதிக்குப் பின்னால் தோட்டக் காலத்துச் சிமெண்ட் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. காப்பிப் பழத்தைத் தோலுரித்து ஊறவைத்த தொட்டிகள். இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற இடம்.

"பண்ணுங்க" என்றார் செயலர். "மறுபடி ஆராச்சும் பாக்க வந்தா காட்டிக்கலாம். ஆனா புதுசா எதுவும் வாங்கித் தர முடியாது. இருக்கறத வெச்சுப் பண்ணிக்கங்க."

விடுதி மே மாதம் காலியானது. ஆரோக்கியசெல்வி ஊருக்குப் போகவில்லை. பெஞ்சுகளை எடுத்துப் போட்டுவிட்டுத் தொட்டிகளைப் பார்த்தபோது, அடியில் பழைய காப்பித் தொலி கறுத்துக் கல்லாகியிருந்தது. குழந்தைவேல் ஆள் வைத்துச் சுரண்டி, விரிசல்களைப் பூசினார். பழைய சைக்கிள் கொட்டகையின் தகரத்தைப் பிரித்து, வளைத்து, கூரை விளிம்பு முழுவதும் மழைநீர் வழியும் தூம்பு மாட்டினார். கூரையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரை இறக்கும் குழாய்கள்தான் இல்லை.

"வாங்காம முடியாதுங்க மேடம்" என்றார் அவர்.

ஊற்று அந்த வாரம் கிட்டத்தட்ட வறண்டுவிட்டது. விடுதியிலும் ஆளில்லை. சரிவிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் வெறுமனே கிடந்தது. ஆரோக்கியசெல்வி மாடிப்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதக் கழட்டிப் போட்டுக்கங்க" என்றாள்.

குழந்தைவேல் முதலில் புரியாதவர்போல நின்றார். "ஊத்து லைனயா?"

"ஆமா. முழுசாக் கழட்டிருங்க."

"அப்பறம் ஊத்துத் தண்ணி எப்படிங்க வரும்?"

"வராதுங்கண்ணா. அதுக்குத்தான் சொல்றேன்."

கழற்றிய குழாய்களை வெட்டி, மரை போட்டு, கூரையின் நான்கு மூலையிலும் இறக்கி, கீழே ஒன்றாக இணைத்துத் தொட்டிக்குள் விட்டார்கள். தொட்டிக்குப் போகும் முன் ஒரு வால்வு. அதைத் திறந்தால் தண்ணீர் வெளியே வாய்க்காலில் போகும். மூடினால் தொட்டிக்குள் விழும். வெயில் காலம் முழுக்கக் கூரையில் குரங்கும் பறவையும் போட்ட அசிங்கத்தை முதல் ஒன்றிரண்டு மழை கழுவட்டும், அதை வெளியே விட்டுவிட வேண்டும், பிறகுதான் பிடிக்க வேண்டும். ஆரோக்கியசெல்விக்கு இது நன்றாகத் தெரியும். போன வருடம் மாரமங்கலத்தில் நடந்த நாட்டு நலப்பணி முகாமில் ஊர்க்காரர்களுக்கு அவளே கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தாள்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. மழை வரவில்லை. டேங்கர் லாரி கீழே சேலத்திலிருந்து மலையேறி வரவேண்டும். வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. பெண்களுக்கு ஆளுக்கு ஒரு வாளி என்று அளந்து கொடுத்தாள். லாரி வராமல் போன ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சேர்வராயன் உச்சிப் பக்கமிருந்து மேகம் இறங்கி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மழை கொட்ட ஆரம்பித்தது.

பெண்கள் கத்திக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். வாளி, பக்கெட், சோப்பு டப்பா, கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிவந்து நீட்டினார்கள். ஆரோக்கியசெல்வி குடையில்லாமல் தொட்டிப் பக்கம் போனாள். வால்வு திறந்திருந்தது. இரும்புக் குழாய்கள் அதிர, தண்ணீர் சிவப்பும் கறுப்புமாகச் சீறி வாய்க்காலில் விழுந்து சரிவில் ஓடியது. சற்று நேரத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் தெளிவு இல்லை. இன்னும் விடவேண்டிய தண்ணீர்தான்.

தொட்டிகள் காய்ந்து கிடந்தன. மேல்தொட்டியில் ஒன்றுமில்லை. மறுநாள் காலை எல்லாரும் வந்து அறை முன்னால் நிற்பார்கள். இந்த மழை நாளைக்கும் வரும் என்று யார் சொல்ல முடியும்? அத்தனை மாதம் கொட்டாங்கச்சியால் கோரிய தண்ணீரைப் பார்த்த கண், முழுக் குழாய்த் தண்ணீர் வாய்க்காலில் போவதைப் பொறுக்கவில்லை. அவள் குனிந்து வால்வை மூடினாள். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் அங்கேயே நனைந்துகொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்தத் தண்ணீரைப் பழைய மோட்டார் ஒன்றை வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றினார்கள். குடிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீர் மட்டும்தான் என்று சமையலறையில் சொல்லியிருந்தாள். ஆனால் குழாயில் தண்ணீர் வந்தால் பெண்கள் வாய் கொப்பளிக்கத்தான் செய்வார்கள். தாகமெடுத்தால் கையேந்திக் குடிக்கத்தான் செய்வார்கள். அடுத்த வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் இரண்டு மூன்று பேர், பிறகு ஒரு வராந்தாவின் அறைகள் முழுவதும். முதலாமாண்டு மாணவி சாந்தாமேரி மயங்கி விழுந்ததும் அவளை மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆரோக்கியசெல்வி அவள் பக்கத்திலேயே இருந்தாள். அந்தப் பெண்ணின் கண் குழிவிழுந்து உதடு வெடித்திருந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்து, "தண்ணி" என்று கேட்டாள்.

அவளுடைய அப்பா மாரமங்கலத்தில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். செய்தி கிடைத்துப் பஸ் பிடித்து வந்தார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். டாக்டரிடம் பேசினார். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே வராந்தாவுக்கு வந்து ஆரோக்கியசெல்வியின் முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"கூரத் தண்ணின்னு புள்ளைங்க சொல்றாங்க. அப்பிடிங்களா?"

"ஆமாங்க."

"அது ஆவாதுன்னு தெரிஞ்சு உட்டீங்களா, தெரியாம உட்டீங்களா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார். விலங்கியல் டீச்சருக்குக் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டிருப்பார்.

"தெரிஞ்சுதாங்க" என்றாள். "மொத மழைய வெளிய உட்டிருக்கணும். தண்ணி இல்லாத தவிப்புல மூடிட்டேன். எம்மேலதான் தப்பு."

அவர் தலையை ஆட்டினார். மன்னித்ததற்கான ஆட்டல் அல்ல. "எம்புள்ள தேறுனா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மறுபடி அனுப்பறதப் பத்திப் பொறவு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செயலர் மறுநாளே வந்துவிட்டார். கூடவே சேலத்திலிருந்து சில பெற்றோர்களும். அலுவலக அறையில் அவர்கள் பேசி முடித்துப் போன பின் குழந்தைவேலையும் ஆரோக்கியசெல்வியையும் கூப்பிட்டார்.

"அந்தத் தூம்பு கீம்பெல்லாம் இன்னிக்கே பிரிச்சுப் போடு. ஊத்து லைனப் பூட்டிரு. மழை பேஞ்சு ஊத்துல தண்ணி வந்திருக்கும்."

குழந்தைவேல் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"என்னய்யா முழிக்கற?"

"சார், ஊத்து லைன் இல்லைங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி. "அந்தக் குழாயத்தான் வெட்டிக் கூரைக்குப் போட்டிருக்கு. இவர ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கழட்டச் சொன்னேன்."

செயலர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து விடுதியின் ஒரு மூலை தெரியும். சுவரை ஒட்டி நீளமாக இறங்கும் துருப்பிடித்த குழாயை அவர் அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது.

"வேணுமின்னே பண்ணியிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"நான் புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம்னு சொன்னதுக்கு இது பதிலா?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கோபம் தணிந்து, அவருடைய குரலில் களைப்பு வந்திருந்தது. "நாளையிலிருந்து நீங்க வார்டன் இல்ல. பாடம் மட்டும் நடத்துங்க. வேலையவிட்டு அனுப்பல, அத நெனச்சுச் சந்தோஷப்பட்டுக்கங்க."

"சரிங்க சார். ஒரு விஷயம் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"கூரைக் குழாயப் பிரிக்க வேண்டாம். இப்ப இருக்கற தண்ணிய வெளிய விட்டுட்டு, தொட்டியத் தேச்சுக் கழுவி, இனிமே பிடிக்கறதத் துணி துவைக்க, கழிப்பறைக்கு, கழுவறதுக்கு மட்டும் வெச்சுக்கலாம். அந்தக் குழாய்ங்கள்ல பெயின்ட் அடிச்சுத் தனியாக் காட்டிரலாம். குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் ஊத்துலருந்து சின்னதா ஒரு அரை இஞ்சு ஓஸ் குழாய் போதும். அவ்வளவு பெரிய லைன் திரும்ப வேண்டியதில்ல."

செயலர் ஜன்னல் வழியே மறுபடி அந்தக் குழாயைப் பார்த்தார். புது லைன் போட ஆகும் செலவையும், மறுபடி ஊற்றருகே வரப்போகும் சண்டையையும் அவர் மனதுக்குள் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் குழந்தைவேலைப் பார்த்து, "அரை இஞ்சு போதுமாய்யா?" என்று கேட்டார்.

"நாள் பூரா விட்டா குடிக்கப் போதுமுங்க" என்றார் குழந்தைவேல்.

அன்று பிற்பகல் ஆரோக்கியசெல்வி லைன் வீடுகளுக்குப் போனாள். வேலை முடிந்து வந்த வீராயி வாசலில் ஈரத் துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலின் இரு பக்கமும் நிறைகுடங்கள் இருந்தன. விடுதிப் பெண்களுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போனதெல்லாம் லைனுக்குத் தெரிந்திருந்தது.

"புள்ள எப்பிடி இருக்குதுங்க?" என்று வீராயிதான் முதலில் கேட்டாள்.

"எந்திரிச்சு உக்காந்துட்டா. கஞ்சி குடிச்சா."

"சாமி காப்பாத்துச்சு." துணியைக் கொடியில் போட்டாள். "சரி, என்ன விசயமா வந்தீங்க டீச்சர்?"

ஆரோக்கியசெல்வி தொட்டிகளைக் கழுவப்போவதையும் அரை இஞ்சு ஓஸையும் பற்றிச் சொன்னாள். குடிக்க மட்டும், சமைக்க மட்டும் என்று சொன்னாள். சொல்லும்போது வீராயியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொத்தமும் எங்களுக்குன்னீங்களே."

"சொன்னேன். முடியலைங்கக்கா."

வீராயி இன்னொரு துணியை எடுத்துப் பிழிந்தாள். உள்ளே ஏதோ ஒரு வீட்டில் குழந்தை அழுதது. "அர இஞ்சுன்னா எவ்வளவு தண்டி?" என்று கேட்டாள். ஆரோக்கியசெல்வி கட்டைவிரலைக் காட்டினாள். வீராயி தன் கட்டைவிரலையும் பார்த்தாள்.

"அது போனாப் பரவால்லைங்க. புள்ளைங்க குடிக்கறத ஆரு வேண்டாங்கறாங்க?" என்றாள். பிறகு, "தொட்டி கழுவ ஆள் இருக்குதா?" என்று கேட்டாள்.

"நானும் குழந்தைவேலண்ணனும்தான்."

"ரெண்டு பேரு கழுவி என்னிக்கு முடிக்கறது? ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம். உங்களுக்காவ இல்ல. தொட்டி வெடுக்குன்னு நாறுனா உங்க ஆபீசர் மறுபடி ஊத்துக்குத்தான் வருவாரு."

ஞாயிற்றுக்கிழமை லைன் பெண்கள் விளக்குமாறும் தேங்காய் நாரும் கொண்டு வந்தார்கள். தொட்டிக்குள் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைத் தேய்த்தார்கள். விடுதிப் பெண்களில் உடம்பு தேறியவர்கள் சிலரும் கேட்காமலேயே இறங்கினார்கள். புது வார்டனாகப் பொறுப்பேற்றிருந்த தமிழ் விரிவுரையாளர் மேலே நின்று, சேறு படாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசெல்வி வாளியில் கழுவிய தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். மதியம் டீயும் பன்னும் வந்தன.

அந்த வருட மழை நன்றாகப் பெய்தது. முதல் மழைகளை வெளியே விட்டார்கள். வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் புது வார்டன் வைத்துக்கொண்டார். தொட்டிகள் நிறைந்து வழிந்தன. மார்கழி கடந்தும் விடுதியில் துணி துவைக்கத் தண்ணீர் இருந்தது. தை முடிகிற சமயத்தில் அடி தட்டி, மீண்டும் லாரி வர வேண்டியதாயிற்று. கூரைத் தண்ணீர் வருடம் முழுக்கப் போதும் என்று ஆரோக்கியசெல்வி எப்போதும் சொன்னதில்லை. ஆனாலும் போதாமல் போனபோது சிலர் அதை அவளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சாந்தாமேரி இரண்டாம் பருவத்தில் திரும்பி வந்தாள். விடுதியில் சேரவில்லை, மாரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். விலங்கியல் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆரோக்கியசெல்வியும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

அவள் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். மாசி மாதத்தில் ஒருநாள் காய்கறி வாங்கப் போனபோது, பஸ் ஸ்டாண்டில் வீராயி தலையில் துணி முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், குடிக்க மட்டுமின்னு சொன்னீங்க. ஓஸு ராவும் பகலும் நிக்காம ஓடுது. உங்க குடிதண்ணித் தொட்டி நெறஞ்சு ரோட்டுல வழியுது. போயிப் பாத்தீங்களா?"

"நான் இப்ப வார்டன் இல்லைங்கக்கா."

"அது எனக்குத் தெரியாதுங்க. எனக்கு வாக்குக் குடுத்தது நீங்கதான."

ஆரோக்கியசெல்வி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். தொட்டி நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வு ஒன்று போதும். அதைக் குழந்தைவேல் ஓர் அரைப்பொழுதில் பூட்டிவிடுவார். புது வார்டனைக் கேட்க வேண்டும். அவர் செயலரைக் கேட்க வேண்டும் என்பார்.

"நாளைக்குப் பாக்கறேன்" என்றாள்.

"இன்னிக்கே பாருங்க. மாசி வெயிலு."

குழந்தைவேல் இருக்கும் வெள்ளக்கடைக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆரோக்கியசெல்வி காய்கறிக் கூடையோடு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.